அடுத்ததெருவின் கையெழுத்து

கண்ணா, மெயில் யாரிடமிருந்து வந்திருக்கிறது என்று பார்த்ததும் துள்ளிக் குதித்திருப்பாய். மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கும் 'அடுத்ததெரு' ஒருவழியாகப் பதில் போட்டுவிட்டார் என்று மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லியும் இருப்பாய். கொஞ்சம் உட்கார். அடுத்ததெரு நான்தான். உன் அம்மா. அனகாபுத்தூர் வீட்டு மாடியில், நீ எப்போதோ வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய லேப்டாப்பில், கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கிறேன். மலேசியாவில் ஒரு தமிழ் வாத்தியாராக இருக்கலாம் என்றாய். போன மாதம் கனடாவில் யாரையோ விசாரித்ததாகச் சொன்னாய். அடுத்ததெரு என்று பெயர் வைத்துக்கொண்டவரைப் பக்கத்தில் தேட வேண்டும் என்று இவ்வளவு படித்த உனக்குத் தோன்றவே இல்லை. சிரித்துக்கொண்டுதான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். கடைசிவரை அப்படியே எழுத முடியுமா என்று தெரியவில்லை.

உனக்கு இஷ்டமென்றால் உன்னோடு சேர்ந்து அந்த மென்பொருளை எழுதிய மற்ற ஒன்பது பேருக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டு. பாவம், என் ஒருத்தியின் கையெழுத்துக்காகத்தான் அவர்களும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வெள்ளம் வந்த வருடம் நீ காலேஜில் கடைசி வருடம். அடையாறு நம் தெருவுக்குள் புகுந்து கீழ்வீட்டு ஜன்னல்வரை நின்றது. நீயும் உன்னோடு படித்த இரண்டு பிள்ளைகளும் மூன்று நாள் இந்த மாடியிலேயே இருந்தீர்கள். கரண்ட் இல்லை. அப்பா எங்கிருந்தோ ஒரு லாரி பேட்டரியைத் தூக்கி வந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்குப் பால் வேண்டும், யாருக்கு மாத்திரை வேண்டும், எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று ஒரே இடத்தில் காட்டும் மென்பொருளை நீங்கள் மூன்று பேரும் அப்படித்தான் எழுதினீர்கள். நான் மூன்று வேளையும் உப்புமா கிண்டிப் போட்டேன். அப்போது முகம் சுளித்தாய். இன்றைக்கு எல்லோரிடமும் அந்த உப்புமாவைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாய்.

கோவளத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த படகுகளில் ஒன்று நம் மாடிப்படிக் கைப்பிடியில் கட்டிக் கிடந்தது. அதை ஓட்டிவந்த மீன்காரர் பிளாஸ்டிக் கவருக்குள் போட்ட போனை என்னிடம் நீட்டினார். "இன்னாக்கா இது, மீட்புக் கோரிக்கையைச் சமர்ப்பிக்கவும்னு கீது? நான் யாராண்ட இன்னாத்த சமர்ப்பிக்கறது? போட்டு வேணுமா வேணாவா, அத்த மட்டும் சொல்லச் சொல்லு உன் புள்ளைய" என்றார். நான் மேலே வந்து உன்னிடம் சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேஜார் பண்ணாதம்மா. தமிழெல்லாம் மெஷினே போட்டது. தப்பா இருந்தா யாரு வேணா திருத்தலாம், அதுக்குத்தான் தொறந்து வெச்சிருக்கோம்" என்றாய். யாரு வேணா என்றாயா இல்லையா? அந்த யாரோ ஒருத்தர் நானாக இருந்தால் என்ன என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

தாம்பரத்தில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் முப்பது வருடம் டைப் அடித்தவள் நான். விசைப்பலகையில் உன்னைவிட வேகம். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, மெத்தைகளைத் தூக்கிப் போட்டு எல்லாம் முடிந்த பிறகு, நீ காலேஜுக்குப் போன ஒரு பகலில் உட்கார்ந்து, உங்கள் மென்பொருளைத் திருத்துகிற தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கினேன். சொந்தப் பெயரைப் போட்டால் நீ கிண்டல் செய்வாய் என்றுதான் அடுத்ததெரு என்று போட்டேன். வேறு எந்தத் திட்டமும் இல்லை. 'மீட்புக் கோரிக்கையைச் சமர்ப்பிக்கவும்' என்று இருந்ததை 'படகு வேண்டும்' என்று மாற்றினேன். 'பயனர் இருப்பிடம்' என்பதை 'எந்தத் தெரு? பக்கத்தில் என்ன கடை?' என்று மாற்றினேன். 'இயலாமை விவரம்' என்று ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு 'படி இறங்க முடியாதவர் யாராவது இருக்கிறாரா?' என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் உன் பதில் வந்தது. 'செம சார். நன்றி சார். தொடர்ந்து எழுதுங்க சார்.' அடுப்படியில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். பெற்ற பிள்ளை என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாக நீ எதைச் சேர்த்தாலும் அதன் தமிழ் என் வேலை. சாப்பிடும்போது என்னிடமே சொல்வாய்: "ஒருத்தர் இருக்காரும்மா, என்னமா எழுதறாரு தெரியுமா? உன்னை மாதிரியே நேராப் பேசறாரு." "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டு உனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் 'சார்' போய்விடும், அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வாய் என்று ஒரு பயம். வெளியாள் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்கிற பிள்ளை நீ. இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உன் அப்பாவும் அப்படித்தான்.

அப்பா போனது இரண்டு வருடத்துக்கு முன்னால். பத்தாம் நாள் காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். அடுத்ததெருவுக்கு உன் மெயில் வந்திருந்தது. நீ பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய். 'சார், அப்பா தவறிட்டார். கொஞ்ச நாள் நான் எதுவும் பார்க்க முடியாது. நான்தான் கார் ஓட்டினேன். பம்மல் மெயின் ரோட்டில் போய் மாட்டிக்கிட்டேன். பைபாஸ்ல ஏறியிருக்கணும். அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், அவர் ஓட்டியிருந்தா அந்த ரோட்டை எடுத்திருக்கவே மாட்டார். இதை அம்மாகிட்ட சொல்ல எனக்கு தைரியம் இல்லை.' இவ்வளவுதான் எழுதியிருந்தாய். எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு சுவர். எழுந்து வந்து கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அடுத்ததெருவாகவே உட்கார்ந்து பதில் எழுதினேன். 'தம்பி, அந்த நேரத்தில் எந்த ரோட்டில் போனாலும் இதுதான் நடந்திருக்கும். உங்கள் அம்மா உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்.' 'அப்படியா நினைக்கிறீங்க சார்?' என்று கேட்டாய். 'எனக்கு நிச்சயமாகத் தெரியும்' என்று எழுதினேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் அறையைவிட்டு வெளியே வந்து காபி கேட்டாய்.

அதற்குப் பிறகு என்னால் சொல்லவே முடியாமல் போய்விட்டது. எனக்கென்று சொல்லாத ஒன்றை நான் படித்துவிட்டேன். இப்போது வாயைத் திறந்தால், இரண்டு வருடம் உன் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டவள் ஆகிவிடுவேன். அதைவிட, அந்த சார் சொன்ன ஆறுதலும் உனக்குப் போய்விடும். ஊர் பேர் தெரியாத மனுஷர் சொன்னதென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கும். அம்மா சொன்னதென்று தெரிந்தால், அம்மா வேறு எப்படிச் சொல்வாள் என்று தள்ளிவிடுவாய். அதனால் சும்மா இருந்தேன். உனக்குக் கல்யாணம் ஆகி, கீழ்க்கட்டளைக்குக் குடிபோனாய். வாரத்துக்கு ஒரு முறை வருகிறாய்.

இப்போது இந்தப் படிவம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் ஒரு நிவாரண அமைப்பு உங்கள் மென்பொருளை எடுத்து நடத்தப்போகிறது, நீ அங்கே போய் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் அவர்களுடைய வக்கீல் கேட்ட முதல் கேள்வி, இது யாருடையது என்பது. அதற்கு நீ எழுதிய பதிலைப் படித்தேன், நன்றாகத்தான் எழுதியிருந்தாய். இதற்குக் கம்பெனி கிடையாது, சங்கம் கிடையாது, டிரஸ்ட் கிடையாது; எழுதிய பதினொரு பேரும் அவரவர் எழுதிய வரிக்குச் சொந்தக்காரர்கள்; நான் சாவி வைத்திருப்பவன், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தாய். அதனால் பதினொரு பேரும் உண்மைப் பெயர், விலாசத்தோடு கையெழுத்துப் போட வேண்டும், புனைபெயர் செல்லாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பத்துப் பேர் போட்டாயிற்று. மாதக் கடைசிக்குள் அடுத்ததெரு பதில் சொல்லாவிட்டால் அவர் எழுதிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு எழுதிப் போடுவதாக எல்லோரும் பார்க்கும் இடத்தில் அறிவிப்பும் போட்டுவிட்டாய்.

போன வாரம் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய். "மனசே வரலம்மா. அவரோட தமிழை எடுத்துட்டு மறுபடியும் அந்த மெஷின் தமிழைப் போடணும். ஆனா வேற வழியில்ல. அந்த மனுஷன் உயிரோட இருக்காரான்னே தெரியல." நான் மோர் எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். கையெழுத்துப் போட்டால் நான் யார் என்று தெரிந்துவிடும். போடாவிட்டால் என் வார்த்தைகள் போகும், உன் பயணமும் தள்ளிப்போகும். வார்த்தை போனால் போகட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன். ஆனால், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டபோது உன் முகம் போன போக்கு இருக்கிறதே, அது என்னை விடவில்லை.

எங்கள் ஆபீசில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் உரக்க வாசித்துக் காட்டுவேன். முதலாளிக்குப் பிடிக்காது. "வாசிச்சா கேள்வி கேப்பாங்கம்மா, லேட்டாகும்" என்பார். கேட்கட்டும் என்றுதான் வாசித்தேன். பேனாவைக் கையில் திணித்து, இங்கே போடு, அங்கே போடு என்று சொல்லிப் போட்ட கையெழுத்து எப்படியெல்லாம் திரும்பி வரும் என்று அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். நீ போகிற ஊரில் யார் எதை நீட்டினாலும் வாசித்துப் பார்த்துவிட்டுப் போடு. அம்மாவின் புத்திமதி இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான். உன் படிவத்தையும் நேற்று அப்படித்தான் வாசித்தேன், ஆள் இல்லாத வீட்டில், நான்கு பக்கமும் உரக்க. இந்த மென்பொருள் என்றைக்கும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அது இல்லையென்றால், கேட்பது நான் பெற்ற பிள்ளையே ஆனாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மூன்றாம் பக்கத்தில், எழுதியவர் உயிரோடு இல்லாவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு பத்தி வந்தது. அங்கே நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

அப்பா போன அன்று காலையிலேயே அவருக்கு நெஞ்சில் வலி இருந்தது. எட்டு மணிக்கே என்னிடம் சொன்னார். "வாயுதான், பயப்படாதே. பையனை எழுப்பாதே, இன்னிக்கு அவன் புதுசா ஏதோ வெளியிடறான்" என்றார். நீ மாடியில் இருந்தாய். அந்த வெளியீட்டுக்கு அடுத்ததெரு தர வேண்டிய தமிழ் வரிகள் பாக்கி இருந்தன. நான் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டு, லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், படுத்திருந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து மிச்சத்தையும் எழுதி அனுப்பினேன். 'சூப்பர் சார்' என்று உன் பதிலும் வந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன்.

காரில் அவர் தலை என் மடியில் இருந்தது. நீ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அவர் என்னைப் பார்த்து, "வலி கூடினதை நான்தான் சொல்லல, நீயாவது ஒரு தடவை கேட்டிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குக் கோபமாகப் பேசத் தெரியாது, உனக்கே தெரியும். கிண்டல் செய்யும்போது ஒரு பக்கமாக உதட்டை இழுப்பாரே, அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். காலையிலேயே என்றார், கண்ணா. ரோட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பம்மலில் நாம் நின்றது இருபது நிமிடம். இங்கே வீட்டில் நான் விட்டது நான்கு மணி நேரம்.

எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அந்த சார் உனக்கு எழுதினாரே, எப்படித் தெரிந்தது என்று இப்போது புரிகிறதா? காரணம் தெரிந்தே உன்னை அரைகுறை ஆறுதலோடு விட்டுவைத்தேன். உன் தலையில் இருந்த பாரம் என்னுடையது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். பிள்ளையிடம் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கோபம் வந்தால் கோபப்படு, நாலு நாள் பேசாமல் இரு. ஆனால் ரோட்டைப் பற்றிய நினைப்பை இன்றோடு விட்டுவிடு. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

அப்பா போன மறுமாதம் அடுத்ததெரு ஒரு புது வரி சேர்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? உதவி கேட்கும் பக்கத்தில் கடைசிக் கேள்வி. 'வீட்டில் யாராவது வலியைச் சொல்லாமல் இருக்கிறாரா? ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.' நீ அசந்துபோனாய். 'சார், இது எங்கேர்ந்து வந்துச்சு? மத்த பாஷையிலயும் போட்டுட்டோம்' என்று எழுதினாய். நான் பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன். காரின் பின் சீட்டிலிருந்து வந்தது. உன் அப்பா சொன்னது, நான் டைப் அடித்தேன். என் வேலையே அதுதானே, யாரோ சொல்வதை டைப் அடிப்பது.

படிவத்தை நிரப்பி இதோடு அனுப்பியிருக்கிறேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர், விலாசம் என்ற இடத்தில் நம் வீடு. எல்லா வரிகளுக்கும் என் சம்மதம் உண்டு, ஒரு வரியைத் தவிர. அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் என்னுடையது இல்லை. வாயால் சொன்னதற்கெல்லாம் உரிமை கிடையாதும்மா, எழுதினவங்களுக்குத்தான் என்று உடனே சட்டம் பேசுவாய். தெரியும்டா, முப்பது வருடம் அந்த ஆபீசில் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்? வக்கீல் கேட்கவும் மாட்டார், அவருக்கு என் கையெழுத்து ஒன்றே போதும். ஆனால் நம் வீட்டுக்குள் நாம் ஒழுங்காகச் செய்வோம். அந்த வரிக்குத் தனியாக ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறேன். எழுதியவர் என்ற இடத்தில் அப்பா பெயர். வாரிசுகள் என்ற இடத்தில் இரண்டு பெயர். முதல் பெயருக்கு நேராக நான் போட்டுவிட்டேன், இரண்டாவது காலியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. நான் உரக்க வாசிக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போடு. கேள்வி இருந்தால் கேள், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. இன்னொன்று. கீழ்க்கட்டளையிலிருந்து இங்கே வர அரை மணி நேரம்கூட ஆகாது. நீ அங்கே குடிபோனதிலிருந்து தாம்பரம் போய், பைபாஸ் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறாய். கேட்டால் அந்தப் பக்கம் டிராஃபிக் என்கிறாய். நானும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பம்மல் வழியாகவே வா, கண்ணா. நான் மாடிப்படியில் உட்கார்ந்து, நீ அந்தப் பக்கமிருந்து வருகிறாயா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.